மாதவிடாய் நிற்கும் காலம்: யாரிடம் போய்க் காட்டுவது?



இந்த முறை சுகாதாரப் பாடம் கொஞ்சம் கூச்சமான பாடம். பிள்ளைக் காம்பராவிலும் கொழுந்து மடுவத்திலும் ஆம்பிளைகள் இல்லாத நேரம் பார்த்து நீங்கள் குசுகுசு என்று பேசிக் கொள்கிற விஷயம்தான். ஆம்பிளைகள் இதை வாசித்தாலும் குற்றமில்லை. அம்மாவோ சம்சாரமோ ஏன் ராத்திரி தூங்காமல் எழும்பி உட்காருகிறாள், ஏன் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறாள் என்று அவர்களுக்கும் விளங்கும்.

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இருந்து ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். வயது 50. மலையில் நல்ல கை என்று பேர் எடுத்தவர். வந்தவுடனே, "மிஸ், ஈ.பி.எப். போர்ம் ஒன்னு நெரப்பித் தாங்க. நான் வேலைய விட்டுட்றேன்" என்றார். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டால் அந்தக் காசை எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஏன் அக்கா, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அழுதுவிட்டார்.

"எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு வீட்டுல சொல்றாங்க மிஸ். ராவுல ஒரு மணிக்கு ஒடம்பு தீயா எரியுது. வேர்த்துக் கொட்டுது. அந்தக் குளிருல கதவைத் தெறந்துகிட்டு இஸ்தோப்புல போயி குந்துறேன். அவருக்குச் சந்தேகம் வேற. மலையில நிக்கிறப்போ நெஞ்சு படபடன்னு அடிக்குது. கூடையத் தூக்கினா ஒன்னுக்கு வந்துருது."

நூல் கட்டியிருக்கிறார்கள். டிஸ்பென்சரியில் பனடோலும் விட்டமினும் வாங்கியிருக்கிறார். டவுனில் இரண்டு இடத்தில் காசு கொடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்றார்களாம். மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா என்று நான் கேட்டேன். "கேட்டாத்தானே மிஸ் சொல்லுவேன்" என்றார். இருபது நாளைக்கு ஒரு தரம் வருகிறதாம். வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிறதாம். அதை அவர் ஒரு நோயாகவே நினைக்கவில்லை. "அது வயசுக்கு அப்படித்தானே" என்று விட்டுவிட்டார்.

எனக்கும் நாற்பத்தேழு வயதாகிறது. ஆகவே இதை வெறும் புத்தகத்தில் படித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் சூலகம் என்று இரண்டு இருக்கின்றன. முட்டை உண்டாவதும் அங்கேதான், ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹோர்மோன்கள் சுரப்பதும் அங்கேதான். நாற்பது தாண்டியதும் முட்டைகள் குறைந்து கொண்டே வரும். ஹோர்மோன் ஒரே அளவாகக் குறைவதில்லை. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் விழும். பீலியில் தண்ணி சில நாள் கொட்டும், சில நாள் சொட்டும், கடைசியில் நின்றுவிடும் அல்லவா, அந்த மாதிரி. அதனால்தான் மாதவிடாய் சில மாதம் தவறுவதும், சில மாதம் அளவுக்கு மிஞ்சிப் போவதும். உடம்புச் சூட்டைப் பார்த்துக் கொள்கிற இடம் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரஜன் விழும்போது அந்த இடம் தடுமாறி, சூடு இல்லாத நேரத்திலும் சூடு என்று நினைத்து வேர்க்க வைக்கும். முகம், கழுத்து, நெஞ்சு என்று சூடு ஏறி ஒரு சில நிமிஷத்தில் அடங்கும். பிறகு குளிரும். அந்த அக்காவுக்கு வந்த பேய் இதுதான்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். 45க்கு முன்னாலேயே நின்றால் சீக்கிரம். 40க்கு முன்னால் நின்றால் "கஷ்டம் தீந்துச்சு" என்று சந்தோஷப்படாமல் கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பும் இருதயமும் மற்றவர்களை விடச் சீக்கிரம் பலவீனமாகும்.

சூடு ஏறுவது ஓரிரு மாதத்தில் போய்விடும் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் பல ஆயிரம் பெண்களை வருஷக் கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அடிக்கடி சூடு ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேலே நீடித்திருக்கிறது. ஏழு வருஷம் தூக்கம் இல்லாமல் யார் மலை ஏறுவது? தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2021இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தக் கஷ்டத்தால் 50இல் விலகுகிற ஒரு அக்கா பத்து வருஷச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "எல்.ஆர்.டி. பண்ணினதாலதான் எனக்கு இப்படி" என்று பல பேர் சொல்கிறார்கள். அந்த ஆபரேஷனில் குழாயை மட்டும்தான் கட்டி வெட்டுகிறார்கள். சூலகத்தைத் தொடுவதில்லை. அது தன் வேலையைச் செய்து கொண்டுதான் இருக்கும். கர்ப்பப்பையை எடுத்தவர்களின் கதை வேறு. அதோடு சேர்த்து இரண்டு சூலகத்தையும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கிற காலம் ஒரே நாளில் வந்து நிற்கும், சூடும் கடுமையாக இருக்கும். ஆபரேஷன் செய்தவர்கள் எதை எடுத்தார்கள் என்று டிக்கெட்டில் பார்த்துத் தெரிந்து வைத்திருங்கள். அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாய் தவறத் தொடங்கின பிறகும் பிள்ளை தங்கலாம். நின்றுவிட்டது என்று நினைத்து ஐந்தாம் மாதம் கிளினிக்குக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 50க்கு மேல் நின்றால் ஒரு வருஷமும், 50க்கு முன் நின்றால் இரண்டு வருஷமும் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள்.

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

உங்கள் லயத்துக்கு மிட்வைப் நோனா எப்போது வருவார்? கல்யாணம் முடித்தால் வருவார். வயிற்றில் பிள்ளை என்றால் வருவார். பிள்ளை நிறுக்க வருவார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருவார். அவர் கையில் இருக்கிற குடும்பப் பதிவேடு 15 முதல் 49 வயது வரையான பெண்களையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் வைத்துத்தான் எழுதப்படுகிறது. கடைசிப் பிள்ளை வளர்ந்து, உங்களுக்கும் 49 தாண்டிவிட்டால் அந்தக் கொப்பியில் உங்களுக்குப் பக்கம் இல்லை. மிட்வைப்பைக் குறை சொல்லவில்லை, ஏற்பாடு அப்படி. சரியாக இந்தக் கஷ்டம் ஆரம்பிக்கிற வயதில் வீடு தேடி வருகிற ஆள் நின்றுவிடுகிறார். இனி நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

போக இடம் இருக்கிறது. அதன் பெயர் சுவநாரி கிளினிக். சுகவனிதையர் கிளினிக் என்றும் சொல்வார்கள். சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் 1996இல் ஆரம்பித்த திட்டம் இது. 35 வயது தாண்டிய எந்தப் பெண்ணும் போகலாம், காசு இல்லை. எம்.ஓ.எச். என்று நாம் சொல்கிற சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைதான் இதை நடத்துகிறது. ரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை, மாத்தளை என்று அந்தந்தப் பகுதிக்குத் தனித்தனிப் பணிமனை உண்டு. எந்தக் கிழமை, எந்த இடம் என்பதை மிட்வைப்பிடமோ என்னிடமோ கேளுங்கள்.

அங்கே பிரசர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், நிறை பார்ப்பார்கள், கழுத்தில் தைரொய்ட் வீக்கம் உண்டா என்று தடவிப் பார்ப்பார்கள், மார்பில் கட்டி உண்டா என்று பார்த்து, நீங்களே எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லித் தருவார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் உண்டு. அதற்கு முக்கியமாக 35, 45 வயதுக்காரரைக் கூப்பிடுவார்கள். இது சிலருக்குப் பயம். வெட்டுவதோ தைப்பதோ இல்லை, ஒரு சின்னக் குச்சி மாதிரியான சாமானால் வழித்து எடுப்பார்கள். இரண்டு நிமிஷ வேலை. மாதவிடாய் போகிற நாளில் இந்தப் பரிசோதனை செய்ய மாட்டார்கள். டொக்டர் ஆம்பிளையாக இருந்தால் ஒரு பெண் தாதியோ மிட்வைப்போ பக்கத்தில் நிற்கக் கேளுங்கள், தப்பில்லை.

ஆனால் அங்கேயும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். பிரசரும் சீனியும் பார்த்துவிட்டு "சரி போங்க" என்று சொன்னால் எழும்பி வந்துவிடாதீர்கள். சூடு ஏறுகிறது, தூக்கம் இல்லை, மாதவிடாய் இப்படி வருகிறது என்று சொன்னால்தான் அவர் உங்களுக்குக் கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதம் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகும். வீ.ஓ.ஜி. என்று சொல்கிற விசேட வைத்திய நிபுணர் பார்ப்பார். இந்தக் காலத்துக் கஷ்டங்களுக்கு உரிய டொக்டர் அவர்தான். தைரொய்ட் மாதிரி வேறு சுரப்பியில் கோளாறு என்றால் கண்டி தேசிய வைத்தியசாலையில் அதற்கான பிரிவு இருக்கிறது, அவர்களே அனுப்புவார்கள். நேராகக் கண்டிக்கு பஸ் ஏறி, சேனல் பண்ணக் காசு கட்டி, "எந்த டொக்டரிடம் போறது" என்று தெரியாமல் நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு காசு விஷயம். டவுனில் சில இடங்களில் "ஹோர்மோன் டெஸ்ட்" என்று இரத்தம் எடுக்கச் சொல்வார்கள். 45 வயது தாண்டி, மாதவிடாயும் மாறி, சூடும் ஏறுகிறவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. முன்னே சொன்ன மாதிரி ஹோர்மோன் இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு. வயதையும் நீங்கள் சொல்கிற கதையையும் வைத்தே டொக்டர் முடிவு செய்வார். அதைவிடத் தேவையானது இரத்தம் எவ்வளவு இருக்கிறது, சீனி எவ்வளவு, தைரொய்ட் எப்படி என்ற பரிசோதனைகள்தான். படபடப்பும் வேர்வையும் தைரொய்டிலும் வரும். களைப்பு இரத்தக் குறைவிலும் வரும். ராத்திரி வேர்வையோடு இருமலும் மெலிவும் இருந்தால் சயரோகமா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வயதின் தலையில் போட்டுவிடக் கூடாது.

கட்டாயம் காட்ட வேண்டியது எது என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது மாதவிடாய் திரும்பி வந்தது அல்ல. "மறுபடி வயசு திரும்புது" என்று சிரித்துக் கொண்டு இருந்த ஒரு பெரியம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் மகள் கூட்டிக் கொண்டு போனாள். உலகத்தில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி இரத்தம் பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்குச் சின்னக் காரணம்தான். ஆனால் அந்தப் பத்தாவது ஆள் யார் என்று பார்க்காமல் தெரியாது. நேரத்தோடு போனால் ஆபரேஷனோடு சுகமாகும் நோய் அது. அதே போல் மாதவிடாய் நிற்காதவர்களுக்கு மணிக்கு ஒரு துணி மாற்றுகிற அளவு போனாலும், கட்டி கட்டியாக விழுந்தாலும், உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும் போக வேண்டும். தலை சுற்றி விழுகிற அளவுக்கு இரத்தம் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மூத்திர விஷயத்தை நம் பெண்கள் யாரிடமும் சொல்வதே இல்லை. மலையில் ஒதுங்க இடம் இல்லை. அதனால் காலையில் தண்ணியே குடிக்காமல் போகிறார்கள். ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் அந்த இடத்துத் தோல் காய்ந்து மெலிந்து போகும். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, இருமினாலோ கூடை தூக்கினாலோ கசிவது, உறவில் வலி, எல்லாம் இதனால் வரும். அதற்கு மேல் தண்ணியும் குடிக்காவிட்டால் கிருமி சேரும். பல பிள்ளை பெற்று, பாரம் சுமந்தவர்களுக்கு "அடி எறங்குறது" என்று சொல்கிறோமே, கர்ப்பப்பை இறங்குவது, அதுவும் இந்த வயதில்தான் கூடுகிறது. படங்கை இறுக்கிக் கட்டிக் கொண்டு சமாளிப்பவர்களை எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. காய்ந்து போனதற்கு அந்த இடத்தில் மட்டும் போடுகிற குறைந்த அளவு ஹோர்மோன் கிறீம் இருக்கிறது. இறங்கினதற்கு வளையம் வைப்பார்கள், தேவையென்றால் ஆபரேஷன். கசிவுக்கு ஒரு பயிற்சி: மூத்திரத்தை அடக்குகிற மாதிரி இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும். ஒரு தரத்துக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தரம். மூன்று மாதமாவது விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். கொழுந்து பறித்துக் கொண்டே செய்யலாம், கங்காணிக்குக் கூடத் தெரியாது!

ஹோர்மோன் மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்கிறீர்கள். 2002இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றை இடையில் நிறுத்தினார்கள். ஹோர்மோன் எடுத்தவர்களில் மார்புப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி கொஞ்சம் கூடுதலாக வந்தது. உடனே உலகம் முழுக்கப் பயம் பரவி, பல பேர் மருந்தை விட்டார்கள். பிறகு திரும்பப் பார்த்தபோது அந்த ஆய்வில் இருந்தவர்களில் அநேகர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று கவனித்தார்கள். இன்றைக்கு வைத்தியர்கள் சொல்வது, 60க்குக் குறைந்த வயதில், மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், சூடு கடுமையாக இருப்பவருக்கு நன்மைதான் பெரும்பாலும் கூட. சூட்டுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, எலும்பையும் காக்கும். ஆனால் எல்லாருக்கும் கொடுக்க முடியாது. மார்புப் புற்றுநோய் வந்தவர், காலில் அல்லது நெஞ்சில் இரத்தம் கட்டினவர், பக்கவாதம், மாரடைப்பு வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப் போக்கு உள்ளவர் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவருக்கு இரண்டு ஹோர்மோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாதவருக்கு ஒன்றே போதும். அதனால்தான் பக்கத்துக் காம்பரா அக்காவின் குளிசையைக் கடன் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்கிறேன். அவருக்குக் கர்ப்பப்பை இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால் அதே குளிசை உங்களுக்குக் கெடுதல் செய்யும்.

ஹோர்மோன் எடுக்க முடியாதவருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில குளிசைகளைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். அது சூட்டைக் குறைக்கிறது. துண்டைப் பார்மசியில் கொடுத்தபோது "இது மனநோய்க் குளிசை" என்று யாரோ சொல்ல, அழுது கொண்டு குப்பையில் போட்டவரும் உண்டு. டொக்டர் உங்களைப் பைத்தியம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், உடனே நிறுத்த வேண்டாம். உண்மையாகவே மனசு உடைந்து, சாகலாம் போல் இருந்தால் 1926 என்ற இலக்கத்தில் பேசலாம்.

இரத்தம் கூடுதலாகப் போகிறவருக்கு இரும்புக் குளிசை கொடுப்பார்கள். நாம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், குளிசையையும் சாயத்தண்ணியோடுதான் விழுங்குவோம். தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேர விடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இருக்கட்டும். தண்ணியோடு குடித்து, தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் நன்றாகச் சேரும். எலும்புக்கு நெத்தலிக் கருவாடு, குரக்கன், எள்ளு, முருங்கை இலை, கிடைத்தால் பால். ராத்திரிச் சூட்டுக்குப் பருத்தித் துணி, தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணி. படுக்கும் முன் சாயத்தண்ணியைக் குறைத்துப் பாருங்கள்.

அந்த அக்காவுக்கு நான் போர்ம் நிரப்பவில்லை. ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். மகளின் பழைய கொப்பியில் மாதவிடாய் வந்த தேதி, நின்ற தேதி, ராத்திரி எத்தனை தரம் எழும்பினார் என்று மகளே எழுதினாள். சுவநாரி கிளினிக்கில் பிரசர் கூட என்று கண்டார்கள். அங்கிருந்து மாத்தளைக்குக் கடிதம். ஸ்கான் எடுத்ததில் கர்ப்பப்பையில் ஒரு தசைக் கட்டி, புற்றுநோய் இல்லை. இரத்தம் மிகக் குறைவு. மூன்று முறை போய் வர வேண்டியிருந்தது, ஒரு முறை நம்பர் கிடைக்காமல் திரும்பினார், அன்றைக்குப் பேரும் போச்சு என்று என்னிடம் சண்டை பிடித்தார். இப்போது இரத்தப் போக்கு அடங்கிவிட்டது. சூடு முழுக்கப் போகவில்லை, "ஆனா ராவுக்கு ஒருக்காதான் மிஸ்" என்கிறார். பேரை வெட்டவில்லை. அவர் வீட்டுக்காரரையும் ஒரு தரம் கிளினிக்குக்குக் கூட்டி வரச் சொன்னேன். வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, என்றாலும் சந்தேகம் தீர்ந்தது.

கிளினிக் போகிறவர்கள் முதல் நாளே கங்காணியிடம் "கிளினிக்" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், துண்டு எழுதித் தருகிறேன். அடையாள அட்டை, பழைய டிக்கெட், குடிக்கிற மருந்துப் பெட்டிகள், தேதி எழுதின கொப்பி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மாத்தளையில் டொக்டர் சிங்களத்தில் கேட்கலாம். மாதவிடாய் நிற்பதற்குச் சிங்களத்தில் "ஆர்த்தவஹரணய" என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொப்பியைக் காட்டினாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். கொப்பியில் தேதியை இலக்கத்தில் எழுதுங்கள், இலக்கம் எந்தப் பாஷைக்காரருக்கும் ஒன்றுதான்.